மணி அடித்த கறுப்பு

ஆம்பூர் பஜாரில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்த ஜெபசீலனுக்கு அன்று எதிலும் மனம் ஒட்டவில்லை. அந்த நேரம் பார்த்துப் பாலிடெக்னிக் ஆசிரியை ஹேமலதா மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"சார், நான் பண்ண சென்சாரால ஒரு பொம்பளைக்கு வேலை போவப் போவுது."

"எழுந்திருக்கவே அலுப்பா இருக்கும்மா" என்றபடியே ஜெபசீலன் செருப்பை மாட்டினார்.

தோல் தொழிற்சாலையின் சாம்பிள் அலமாரிக்காக அவள் ஆசையாய்ச் செய்து கொடுத்த கருவி அது. கண்ணுக்குத் தெரியாத ஒளியை வீசும். உள்ளே நீளும் கை அந்த ஒளியைத் திருப்பி அனுப்பினால் மணி அடிக்கும். நேற்று வெளிநாட்டு வியாபாரிக்குக் காட்ட அதில் வைத்திருந்த புது ரகத் தோல் காணாமல் போயிற்று. மணியோ வாயைத் திறக்கவில்லை.

அவர்கள் போனபோது தொழிற்சாலை முதலாளி ஷபீ அஹமது சாம்பிள் அறையில் முகம் சுண்டி உட்கார்ந்திருந்தார். ஸ்பிரே பிரிவு மேஸ்திரி லியாகத் அலிதான் பேசினான். ஏப்ரன் முழுக்கக் கறை. முழங்கை வரை பளபளக்கும் கையுறை.

"டெஸ்ட் பண்றப்ப டீச்சரம்மா எங்க கறுப்புத் தோலைக் காட்டினாங்க, மணி அடிக்கல. கறுப்பு வெளிச்சத்தைத் தின்னுடும்னு அவங்களே சொன்னாங்க. நேத்து கறுப்பு புர்கா போட்டுக்கினு கடைசியா அந்த ரூமைப் பூட்டினது யாரு? ஷஹீன் பானுதானே?"

சாம்பிள் அறையைக் கவனிக்கும் ஷஹீன் பானு, "நான் எடுக்கல" என்றாள். சொல்லிச் சொல்லி ஓய்ந்த குரல். ஜெபசீலனுக்குப் பாவமாக இருந்தது.

"அம்மா, அந்த புர்காவை நீங்களே அலமாரிக்குள்ள நீட்டறீங்களா?"

ஆணியில் மாட்டியிருந்ததை எடுத்துக் கைமேல் போர்த்தி நீட்டினாள். மணி ஊரைக் கூட்டியது.

"கறுப்புதானே சார் இது?" ஹேமலதா திகைத்தாள்.

"நம்ம கண்ணுக்குக் கறுப்பு. இந்தத் துணியில ஏறியிருக்கிற சாயம் உன் ஒளியைத் தின்னாது. நீ அன்னிக்குக் காட்டினது ஸ்பிரே அடிச்ச தோல். அந்தப் பெயிண்டுல இருக்கிறது கரி. கரிதான் தின்னும்."

ஸ்பிரே அடித்த தோல் துண்டு ஒன்றைத் தன் கைமேல் போர்த்தி நீட்டினார். மணி அடிக்கவில்லை.

"முழங்கை வரைக்கும் இந்தக் கரி படிஞ்ச கை யாருது?"

"என் கையுறை புதுசு!" என்றான் லியாகத் அலி. யாரும் அவனைக் கேட்கவில்லை.

"வந்ததுலேர்ந்து அதைத்தான் பார்க்கறேன். ஏப்ரன் பழசு, கையுறை மட்டும் புதுசு. புர்காதான் காரணம்னு நிஜமா நம்புறவன் பழைய கையுறையை ஏம்பா ஒளிச்சு வைக்கணும்?"

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். லியாகத் அலியின் கண் தன்னையறியாமல் பெயிண்ட் டிரம்கள் பக்கம் போயிற்று. அவற்றின் பின்னால் கரியேறிய கையுறையும், அதற்குள் சுருட்டிய தோலும் கிடைத்தன. போட்டிக் கம்பெனிக்குக் கொடுக்க எடுத்ததாக அவன் ஒப்புக்கொண்டான்.

ஷபீ அஹமது எழுந்தார். "தங்கச்சி, தப்பா நெனச்சுட்டோம். நாளைக்கு எப்பவும்போல வந்துடும்மா."

ஷஹீன் பானு புர்காவை நிதானமாக மடித்தாள்.

"நேத்துலேர்ந்து நான் சொல்லிக்கினே இருந்தேன் பாய், யாரும் காதுல போட்டுக்கல. இந்த மணி ஒரே ஒரு தடவை சொல்லிச்சு, உடனே நம்பிட்டீங்க."