சாட்சி சொன்ன சைலன்சர்

"ஐயோ... யாராவது ஓடி வாங்களேன்!"

மத்தியான வெயிலில் கதவடைத்துக் கிடந்த சந்து அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்தது.

தையல்காரம்மா குப்புறக் கிடந்தாள்.

கழுத்தில் போட்டிருந்த இன்ச் டேப் ரத்தத்தில் ஊறிக்கொண்டிருந்தது. பின்மண்டை பிளந்திருந்தது. யாரோ பைக்கில் வந்தபடியே பலமாக ஒன்று போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

யாரும் எதையும் பார்க்கவில்லை.

ஆனால்... எல்லோரும் கேட்டிருந்தார்கள்!

"அந்த இடி இடிக்கிற பைக்குங்க! ஜன்னல் கண்ணாடியெல்லாம் நடுங்குமே... அதே சத்தம்!"

"யாரோட பைக்?"

"வேற யாரு? வெல்டிங் அக்காவோட தம்பி!"

*

"ஏம்மா, நீதான் வெல்டிங் அக்காவா?"

இன்ஸ்பெக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். நெருப்புப் பொறி பட்டுப் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்த சட்டை. புறங்கையெல்லாம் பழைய சூட்டுத் தழும்பு. சந்து முனையில் சைலன்சர் கடை. பைக்கைக் கொண்டுபோய் நிறுத்தினால் போதும். உறுமணுமா, இருமணுமா, ஊளையிடணுமா... கேட்ட குரலில் பேச வைத்து அனுப்புவாள்.

"ஆமா சார். என் தம்பியை எதுக்குப் புடிச்சு வச்சிருக்கீங்க?"

"வச்சுக் கொஞ்சவா? நாளைக்குக் கோர்ட்ல உன் தம்பிக்கு எதிரா சாட்சி சொல்ல இருந்தது இந்தத் தையல்காரம்மா. உன் தம்பி பொண்டாட்டியைப் போட்டு அடிச்சதைக் கண்ணால பார்த்த ஒரே ஆளு. இன்னிக்குப் போய்ச் சேர்ந்துட்டாங்க. சந்து மொத்தமும் அவன் பைக் சத்தத்தைக் கேட்டிருக்கு. போதுமா?"

"என் தம்பி அவமேல கை வச்சதே இல்ல சார்!"

சொல்லும்போதே அவளுக்கு ஒரு நாள் ஞாபகம் வந்தது. தம்பி பொண்டாட்டி வீங்கிய கன்னத்தோடு கடைக்கு வந்து நின்ற நாள். 'கதவுல இடிச்சிக்கிட்டிருப்பே... குடும்பம்னா நாலும் இருக்கும், பொறுத்துப் போ' என்று அனுப்பியது அவள்தான். அந்தப் பெண் மகளைத் தூக்கிக்கொண்டு போனவள்தான்... நேராகக் கோர்ட்டுக்குப் போய்விட்டாள்.

பெஞ்சில் சுருண்டிருந்த தம்பி தலையைத் தூக்கினான். கண்ணெல்லாம் சிவப்பு.

"அக்கா... நீயாவது சொல்லுக்கா! அந்தச் சத்தம் இப்ப என் வண்டியில இருக்கா?"

அவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது.

"சார்! வண்டி எங்க?"

"வாசல்ல."

அவள் விடுவிடுவென்று நடந்தாள். இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

பட்டனை அமுக்கினாள்.

இடி இல்லை. உறுமல் இல்லை. தூங்குகிற பூனை மாதிரி ஒரு முனகல்!

"என்னம்மா இது?"

"கம்பெனி சைலன்சர் சார். உள்ள அறை அறையா தடுப்பு இருக்கும். புகை முட்டி மோதி வெளிய வர்றதுக்குள்ள சத்தம் செத்துடும். இடி இடிச்ச பைப்பு நான் செஞ்சு குடுத்தது. தடுப்பே கிடையாது, நேர் வழி. போன வாரம் இவனே வந்து, 'கோர்ட்டு நடக்கிற நேரம், நல்ல பேரு வேணும்க்கா, கழட்டிடு'ன்னான். என் கையாலதான் மாத்தினேன்."

"முறுக்கிப் பாரு."

முறுக்கினாள். பூனை கொஞ்சம் பெரிய பூனையானது. அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் முகத்தில் பஸ்ஸைத் தவறவிட்டவனின் களை.

"அப்ப அந்த இடி பைப்பு?"

அவள் தயங்கினாள். தம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பேக்கரிக்காரர் வாங்கிட்டுப் போனார் சார். அவர்கிட்டயும் இதே வண்டிதான்."

"பேக்கரிக்காரனா?" இன்ஸ்பெக்டர் கண்கள் பளிச்சிட்டன. "சத்தம் தாங்கலைன்னு அவன்மேல முந்தாநாள் ஒரு கம்ப்ளெயின்ட் வந்துச்சே... குடுத்தது யார் தெரியுமா? இதே தையல்காரம்மா! ஏட்டையா... ஜீப்பை எடுங்க!"

*

பேக்கரிக்காரனைக் கொண்டுவந்தபோது முழங்கை வரை மைதா மாவு ஒட்டியிருந்தது. உதடு கிழிந்திருந்தது. ஜீப்பிலேயே விசாரணை ஆரம்பித்திருந்தார்கள் போல!

அவளைப் பார்த்ததும் நின்றான்.

"அக்கா! மத்தியானம் நான் ரொட்டி குடுக்க ஊருக்கு அந்தப் பக்கம் போயிருந்தேங்க்கா. சத்தம் புடிக்கும்னு மாட்டிக்கிட்டேன்... அதுக்குக் கொலையா? நீங்க சொன்னா நம்புவாங்க. சொல்லுங்கக்கா!"

அவள் வாயைத் திறப்பதற்குள் ஏட்டு அவன் பிடரியில் கை வைத்து உள்ளே தள்ளினார்.

"ஆயுதத்தை எங்கடா போட்ட?"

கதவு சாத்திக்கொண்டது.

கதவுக்கு அந்தப்பக்கமிருந்து வந்த சத்தத்தைக் குறைக்க எந்த சைலன்சரும் இல்லை.

"என்னை விட்டுட்டாங்க. வாக்கா, போலாம்" என்றான் தம்பி. "எனக்குக் கை நடுங்குது. நீயே ஓட்டு."

*

வழியில் ஒரு வேகத்தடை.

வண்டி ஏறி இறங்கியது.

'டிங்!'

அவள் காது விறைத்தது.

பின்னால் சைலன்சருக்குள் ஏதோ ஆடியது. அவள் மாட்டிக் கொடுத்தபோது அப்படி ஒரு சத்தம் இல்லவே இல்லை!

கடைக்கு வந்ததும் தம்பி முகம் கழுவப் பின்பக்கம் போனான். அவள் சைலன்சரின் வாயருகே குனிந்தாள்.

அடிப்பக்கமாக... ஒரு சின்ன போல்ட்.

கம்பெனிக்காரன் அந்த இடத்தில் போல்ட் வைப்பதில்லை. அவளும் வைக்கவில்லை.

ஸ்பேனரை எடுத்தாள். நாலு திருகு. போல்ட் கையோடு வந்தது. பிறகு சைலன்சர் வாய்க்குள் இடுக்கியை விட்டு இழுத்தாள்.

வந்தது.

முழங்கை நீளத்துக்கு ஒரு இரும்புக் குழாய்! சுற்றிலும் ஓட்டை ஓட்டையாக, சத்தத்தை விழுங்கும் குழாய். நுனி நசுங்கியிருந்தது. நசுங்கிய மடிப்பில் கருகிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது...

முடி!

நரைத்த, நீளமான முடி!

குழாயைத் தரையில் வைத்தாள். பிறகு வண்டியின் பட்டனை அமுக்கினாள்.

டமடமடமவென்று இடி இறங்கியது! கூரைத் தகடு அதிர்ந்தது.

எதிர்மாடியிலிருந்து ஒரு பெண் கிறீச்சிட்டாள்.

"அதே சத்தம்! வந்துட்டான்... கொலைகாரன் வந்துட்டான்!"

"ஒண்ணுமில்லம்மா! கடையில டெஸ்டிங்!" என்று கத்திவிட்டு இன்ஜினை அணைத்தாள். தன் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது.

திரும்பினாள்.

துண்டோடு தம்பி நின்றுகொண்டிருந்தான்.

அவள் குழாயைத் தூக்கிக் காட்டினாள்.

"வெல்டிங் நல்லா வச்சிருக்கே" என்றாள். "வெளியில பார்த்தா தெரியல. உள்ள இருந்த அறையெல்லாம் வெட்டி எடுத்துட்டே. குழாயைச் சொருகினா பூனை. உருவினா இடி. உருவின குழாய் கையில ஆயுதம். வேலை முடிஞ்சதும் திரும்ப உள்ள சொருகிட்டா ஆயுதமும் இல்ல, சத்தமும் இல்ல. எங்கடா கத்துக்கிட்டே?"

"உன்கிட்டதான்க்கா."

அந்தப் பதில் அவளைக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

"பேக்கரிக்காரர் அந்தப் பைப்பை வாங்கினது?"

"நான்தான் ஆசை காட்டி அனுப்பினேன். சத்தத்தை வச்சு என்னைப் புடிப்பாங்கன்னு தெரியும். நீ வந்து நிப்பேன்னும் தெரியும். சைலன்சர் விஷயத்துல நீ சொன்னா போலீஸே நம்பும்க்கா."

"அப்ப அந்த ஆளை உள்ள தள்ளினது... நான்!"

"அவனுக்கென்ன, புள்ளையா குட்டியா? எனக்குப் பொண்ணு இருக்கு. அந்தத் தையல்காரி சாட்சி சொல்லியிருந்தா பொண்ணு என் கைக்கு வருமா?"

"உன் பொண்டாட்டியை நிஜமாவே அடிச்சியா?"

அவன் துண்டால் காதைத் துடைத்துக்கொண்டான்.

"எல்லாரும் அடிக்கிறதுதான்."

வீங்கிய கன்னம் ஒன்று அவள் கண்முன் வந்து நின்றது. கதவில் இடித்த கன்னம்!

அவள் நெடுநேரம் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை எண்ணெய்த் துணியில் சுற்றினாள்.

"அம்மா சாகும்போது உன்னை என் கையில புடிச்சுக் குடுத்துட்டுப் போச்சு" என்றாள். "என்ன பண்றது... வண்டியில ஏறு."

"எங்கக்கா?"

"ஆத்துப் பாலத்துக்கு. இதைத் தண்ணியில போட்டுடலாம். சைலன்சரையும் கழட்டி எறிஞ்சிடலாம். போலீஸ் திரும்ப வண்டியைக் கேட்டா என்ன பண்ணுவே?"

தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்குத் தெரியும்க்கா... நீ விட்டுக் குடுக்க மாட்டே!"

துணிச்சுருளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினான். குழாயில்லாத பைக் சந்து முழுவதையும் அதிரவைத்துக்கொண்டு கிளம்பியது. ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தது. தலைகள் எட்டிப் பார்த்தன.

"அக்கா, குழாயை மாட்டிட்டு வந்திருக்கலாம். எல்லாரும் பாக்கறாங்க!"

"பாக்கட்டும்."

பாலத்துக்கு இடதுபக்கம் திரும்ப வேண்டும்.

வண்டி வலதுபக்கம் திரும்பியது.

"அக்கா... ரூட்டு தப்பு! அக்கா!"

அவள் இன்னும் முறுக்கினாள். இந்த வேகத்தில் குதித்தால் எலும்பு மிஞ்சாது. அவன் அவள் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டான், சின்ன வயதில் பிடித்ததைப் போலவே. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. காற்று அதைத் துடைத்துக்கொண்டு போனது.

இடிச் சத்தம் கேட்டு ஸ்டேஷனே வாசலுக்கு ஓடிவந்தது. இன்ஸ்பெக்டர், ஏட்டு, கையில் டீ டம்ளரோடு ஒரு கான்ஸ்டபிள். அவர்கள் நடுவில் போய் வண்டியை நிறுத்தினாள்.

"சார்! நீங்க தேடின சத்தம் இதுதான். தேடின ஆயுதம் அவன் மடியில இருக்கு. பேக்கரிக்காரரை விட்டுடுங்க... நான் அவர் கால்ல விழணும்."

நாலு கைகள் தம்பியைப் பிடித்து இறக்கின. துணி அவிழ்ந்து குழாய் 'ணங்'கென்று தரையில் விழுந்தது.

"அக்கா!" அவன் கதறினான். "நான் உன் தம்பிக்கா! கூடப் பொறந்தவன்!"

அவள் சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தாள். காதில் இன்னும் இரைந்தது.

"தெரியும்டா. வேற எவனாவது இருந்தா போன்லயே சொல்லி முடிச்சிருப்பேன். தம்பியாச்சேன்னுதான் பெட்ரோலைச் செலவழிச்சு நேர்ல கூட்டிட்டு வந்தேன்!"