முள் திரும்பிய பக்கம்

படகு நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுப்பலகையில் இருந்த காம்பஸ் முள் மட்டும் மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தது.

அருகில் கிடந்த கருவிப்பெட்டிதான் இழுக்கிறது என்று அவன் நினைத்தான். பக்கத்தில் இரும்பு இருந்தால் முள் வடக்கை மறந்துவிடும். பெட்டியைத் தூக்கிப் பின்னால், மோட்டாரைப் பிடித்து உட்கார்ந்திருந்த தன் காலடியில் வைத்தான். முள் நிற்கவில்லை. போய்த் தொலை என்று ஜிபிஎஸ் திரையைப் பார்த்தான். அம்புக்குறி துறையை நோக்கி நேராக நின்றது.

சாயங்காலப் பனி ஈரச் சாக்கு மணத்தோடு நாலா பக்கமும் மூடி, மோட்டார் சத்தத்தைக்கூடப் படகுக்குள்ளேயே அமுக்கி வைத்திருந்தது. பெட்ரோல் அடியில் கொஞ்சம்தான். வழி தப்பினால் கரை கிடையாது, வீட்டில் நிறைமாத மனைவி.

அண்ணன் இருந்தவரை முன்பலகை அவனுடையது. "அந்த ஜிபிஎஸ் டப்பாவ நம்பாதடா, பேட்டரி போனா நீயும் போயிடுவ" என்று வம்பிழுப்பான். காம்பஸை மடியில் வைத்துப் பார்த்து, திரும்பாமலே கையை உயர்த்தி இடம் வலம் காட்டுவான். போன மழைக்காலத்தில் நங்கூரம் இறக்கும்போது சங்கிலி இடுப்பில் சுற்றி அவனையும் கொண்டுபோனது. உடல்கூடக் கிடைக்கவில்லை. அதன்பிறகு இவன் படகில் நங்கூரமே ஏற்றுவதில்லை. கூட வரவும் ஆளில்லை. தனியாகப் பழகிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். பழகவில்லை.

ஜிபிஎஸ் கூவியது. துறை வந்துவிட்டது.

மோட்டாரை அணைத்தான். விளக்கில்லை. படிக்கட்டில்லை. வெறும் தண்ணீர்.

போன் அடித்தது. மனைவி.

"துறையிலதான் நிக்கிறேன். இன்னும் எவ்ளோ நேரம்ங்க?"

"வந்துட்டேன்னு காட்டுதே. லைட்டே தெரியல."

"இங்க ஒரு படகும் வரலையே." கொஞ்சம் நிறுத்தினாள். "நங்கூரத்தையா இழுக்கிறீங்க? சங்கிலிச் சத்தம் கேக்குது."

லைன் துண்டானது.

இப்போது அவனுக்கும் கேட்டது. படகுக்கு அடியில். உரசல்.

முள் சுற்றியது. இடப்பக்கம். அவன் முதுகுப்பக்கம். வலப்பக்கம். படகுக்கு அடியில் எதுவோ சுற்றுவதை விடாமல் பின்தொடர்ந்தது.

படகின் முன்பக்கம் தாழ்ந்தது. முள் முன்பலகையைக் காட்டி நின்றது.

முன்பலகையில் ஒரு முதுகு. இடுப்பில் துருவேறிய சங்கிலி, நீர் சொட்டச் சொட்ட.

"அண்ணே..."

திரும்பவில்லை. வழக்கம்போலக் கை உயர்ந்தது. இடம் காட்டவில்லை. வலமும் காட்டவில்லை. மெல்ல இறங்கி, நேர் கீழே தண்ணீரைக் காட்டியது.