இன்னும் போகலையே, அண்ணா

நிறுவனம் அந்தப் பழைய வீட்டுக்கு இடம் மாறிய நாளில் எல்லோரும் ஜன்னலோர நாற்காலிக்கு அடித்துக்கொண்டார்கள். சாமியாருக்குக் கிடைத்தது கடைசி அறையின் மூலை. ஒரு காலத்தில் அது குளியலறையாக இருந்திருக்க வேண்டும். குழாய் இருந்த இடத்தைச் சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார்கள். சுவரில் ஓதம் ஏறிப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது.

"தண்ணி லைனையே எப்பவோ வெட்டிட்டாங்க. குடிக்கிற தண்ணிகூட கேன்லதான் வருது. சொட்டாது, தைரியமா உட்காருங்க சாமியாரே," என்றார் மேற்பார்வையாளர்.

சாமியார் என்பது பட்டப்பெயர்தான். மனைவியும் கல்லூரிக்குப் போகும் மகளும் உள்ள குடும்பஸ்தர் அவர். காலையில் ஹெட்செட்டை மாட்டுமுன் கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைய எதையோ முணுமுணுப்பார். அதற்காக இளவட்டங்கள் வைத்த பெயர் அது. என்ன வேண்டிக்கொள்கிறீர்கள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். இன்று என் வாயால் யாருக்கும் ஒரு தீங்கும் வந்துவிடக் கூடாது என்பதுதான் அவருடைய பிரார்த்தனை.

நிறுவனம் விற்றது கணினியைத் துப்புரவு செய்யும் ஒரு சாஃப்ட்வேர். நாம் ஓர் இணையதளத்துக்குப் போனால் அது நம் கணினியில் ஒரு சின்ன அடையாளத்தை விட்டுவிட்டுப் போகும். குக்கி என்பார்கள். அடுத்த முறை போனால், நீங்களா, வாங்க வாங்க என்று அது கண்டுகொள்ளும். விளம்பரக்காரர்களும் அதை மோப்பம் பிடித்துத்தான் பின்னாலேயே வருவார்கள். ஒருநாள் செருப்புக் கடையை எட்டிப் பார்த்தவனுக்கு ஒரு வாரம் செருப்பாகவே காட்டுவார்கள். இந்தத் தடங்களையெல்லாம் ஒரே பட்டனில் துடைத்துவிடலாம் என்பதுதான் வியாபாரம். துடைத்தும் போகாதவர்கள் தொலைபேசியில் கூப்பிடுவார்கள். எடுத்துப் பேசுவது சாமியாரின் வேலை.

அவள் முதன்முதலில் கூப்பிட்டது ஒரு மதிய வேளையில். பாதி அலுவலகம் சாப்பிடப் போயிருந்தது. குரலைத் தாழ்த்திப் பேசினாள். கணவர் வேலைக்குப் போயிருக்கிறார், சாயங்காலம் வந்ததும் இதே கணினியில்தான் செய்தி படிப்பார் என்றாள். வேறொரு ஊரில் வேலை பார்க்கும் பெண்களுக்கான விடுதி ஒன்றை அவள் தேடிப் பார்த்திருக்கிறாள். பார்த்ததையெல்லாம் அழித்தும் விட்டாள். ஆனால் செய்திப் பக்கத்தின் ஓரத்தில் அந்த விடுதியின் விளம்பரமே வந்து வந்து நிற்கிறது.

"அவர் கண்ணுல பட்டா என்ன ஆகும்னு உங்களுக்குச் சொல்லத் தெரியல, அண்ணா."

சாமியாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பெண்ணைப் பெற்றவர். அந்த 'அண்ணா'வில் எல்லாமே இருந்தது.

பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். பிரவுசரை முழுவதுமாக மூடிவிட்டுத்தான் துடைக்க வேண்டும். திறந்திருந்தால் இந்தப் பக்கம் அழிக்க அழிக்க அந்தப் பக்கம் எழுதிக்கொண்டே இருக்கும். மறுநாள் அவள் மறுபடி கூப்பிட்டாள். போகவில்லை. அழிக்காமல் விட்டுவைக்கச் சொல்லும் பட்டியல் ஒன்று சாஃப்ட்வேருக்குள் இருக்கிறது. அதில் விடுதியின் பெயர் ஏதும் சிக்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். இல்லை. பிரவுசரிலேயே தடம் பதியாத தனி ஜன்னல் ஒன்று உண்டே, அதில் தேடலாமே என்றார். அது இந்தக் கணினியில் பூட்டிக் கிடக்கிறது என்றாள் அவள்.

அப்போதே அவர் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

பேச்சுக்கு நடுவே அவள் எழுந்து போவாள். கணினி இருந்தது பின்பக்க அறையில். வெளியே கொல்லையில் தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி. "மோட்டார் போட்டிருக்கேன், நிரம்பிடுச்சான்னு பார்த்துட்டு வந்துடறேன்," என்பாள். கனமான இரும்பு மூடியைத் திறக்கும் சத்தம் கேட்கும். பிறகு தொப்பென்று அது விழும் சத்தம். மூச்சு வாங்க வந்து உட்காருவாள். "இந்த மூடியைத் தூக்கித் தூக்கியே நான் பயில்வான் ஆயிட்டேன், அண்ணா," என்று ஒரு நாள் சொன்னாள். அதுவரை அவள் சிரித்து அவர் கேட்டதில்லை.

கடைசியில் விஷயம் பிடிபட்டது. அவளுடைய கைபேசியும் அந்தக் கணினியும் ஒரே கணக்கில் இணைந்திருந்தன. இங்கே அழித்ததை அது அங்கிருந்து திரும்பக் கொண்டுவந்து வைத்திருக்கிறது. இணைப்பை நிறுத்தி, பட்டனை அழுத்தச் சொன்னார். அழுத்தினாள். விளம்பரம் போய்விட்டது. அந்த இடத்தில் ஏதோ சமையல் எண்ணெய் விளம்பரம் வந்திருக்கிறது என்று சொல்லும்போது அவள் குரல் தழுதழுத்தது.

"தினமும் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கும் முன்னாடி அந்தப் பட்டனை ஒரு தடவை அழுத்திடும்மா. ஒண்ணும் மிச்சமிருக்காது. நான் சொல்றேன்ல," என்றார் சாமியார்.

"நீங்க சொன்னா சரி, அண்ணா."

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவர் மனசு லேசாக இருந்தது. முகம் தெரியாத ஒருத்திக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டோம் என்று கடவுளுக்கு நன்றி சொன்னார்.

பிறகு அவள் கூப்பிடவில்லை. கிளம்பிப் போயிருப்பாள், நல்லபடியாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

சில வாரங்கள் கழித்து, அதே மதிய வேளையில், அழைப்பு வந்தது.

"அண்ணா."

குரல் வெகு தூரத்திலிருந்து வந்தது. குடத்துக்குள் வாயை வைத்துப் பேசினால் கேட்குமே, அப்படி.

"நீங்க சொன்னபடி அழுத்தினேன். இன்னும் போகலையே, அண்ணா."

அவருக்குத் திக்கென்றது. இன்னும் அந்த வீட்டிலா இருக்கிறாய் என்று கேட்டார். விளம்பரம் திரும்ப வந்துவிட்டதாக்கும் என்று எண்ணி, பிரவுசரை மூடுவதிலிருந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். அவள் ஒவ்வொன்றுக்கும் ம் என்றாள். ஒவ்வொரு ம்முக்கும் பின்னால் எங்கோ ஒரு சொட்டு விழுந்தது.

டொக்.

"எல்லாம் போயிடுச்சு, அண்ணா. ஒண்ணு மட்டும் நிக்குது."

"எதும்மா அது? படிச்சுச் சொல்லு."

"இங்க இருட்டா இருக்கு."

இரும்பு மூடி விழும் சத்தம் கேட்டது. அவர் நன்றாக அறிந்த சத்தம்தான். ஆனால் இந்த முறை அது அவளுடைய தலைக்கு மேலிருந்து வந்தது.

இணைப்பு அறுந்தது. ஹெட்செட்டைக் கழற்றினார். காதை மூடும் பஞ்சு நனைந்திருந்தது. வியர்வை என்று நினைத்துத் துடைத்தார். விரலை முகர்ந்தபோது நாள்பட மூடிக் கிடந்த தண்ணீரின் வாடை அடித்தது.

அந்த வாரம் முழுவதும் அவள் கூப்பிட்டாள். இன்னும் போகலையே என்பதைத் தவிர அதிகம் பேசவில்லை. அவர் கெஞ்சினார், விலாசத்தைச் சொல், நான் ஆளை அனுப்புகிறேன் என்றார். சொட்டுச் சத்தம்தான் பதிலாக வந்தது.

வாரக் கடைசியில் அவளுடைய கணவர் கூப்பிட்டார்.

இனிமையான குரல். சாஃப்ட்வேரை நிறுத்திக்கொள்ளலாம் என்று இருக்கிறேன், வீட்டில் இப்போது அதற்கு வேலை இல்லை என்றார். காரணம் கேட்பது வழக்கம். சாமியார் கேட்டார்.

"குறையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. ரொம்ப உபயோகமா இருந்துச்சு. வீட்டுல அந்தப் பட்டனை அழுத்த அழுத்த, என்னென்ன அழிச்சாங்கன்னு எனக்கு டாண்ணு மெயில் வந்துடும். அந்த ஹாஸ்டல், பஸ் டிக்கெட், கிளம்பற தேதி, எல்லாம். அவ போய் மாசம் ஒண்ணாச்சு. இனிமே எதுக்கு?"

சாமியார் ஹெட்செட்டைக் காதோடு அழுத்திப் பிடித்தார்.

"உங்க ஆள் ஒருத்தர் ரொம்பப் பொறுமையாச் சொல்லிக் குடுத்தாராமே," என்றார் கணவர். "என் நன்றியைச் சொல்லிடுங்க."

ஹெட்செட்டை மேசையில் வைத்துவிட்டு மேற்பார்வையாளரின் அறைக்கு நடந்தார். அப்படி ஒரு மெயில் போவது உண்மையா என்று கேட்டார்.

உண்மைதான். விலை கூடிய திட்டத்தில் அது ஒரு வசதி என்றார் மேற்பார்வையாளர். குழந்தைகள் எதையாவது பார்த்துவிட்டு அழித்தால் பெற்றவர்களுக்குத் தெரிய வேண்டாமா? துடைப்பதற்கு முன் ஒரு நகல், பணம் கட்டியவரின் மெயிலுக்கு. தனி ஜன்னலைப் பூட்டுவதும் அதே திட்டத்தில்தான் அடங்கும்.

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க போன்ல உளறிடுவீங்க சாமியாரே. யார் வாங்கினாங்களோ அவங்களுக்குத்தானே நாம விசுவாசமா இருக்கணும்?"

அவளோடு இந்த வாரம் பேசினேன் என்றார் சாமியார். மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டே பதிவுகளைத் தட்டிப் பார்த்தார். அந்த எண்ணிலிருந்து ஒரு மாதமாக அழைப்பே இல்லை. ஆனால் சாமியாரின் குரல் பதிவாகியிருந்தது. மூலையில் தனியாக உட்கார்ந்து, விலாசத்தைச் சொல்லும்மா என்று அவர் கெஞ்சுகிறார். நடுநடுவே ஒரு சத்தம்.

டொக்.

மேற்பார்வையாளர் சிரிப்பதை நிறுத்திக்கொண்டார். ஓதச் சுவர், ஏதாவது கசியும் என்றார்.

சாமியார், கணவர் நிறுத்தச் சொன்ன கணக்கிலிருந்த முகவரியை எடுத்துக்கொண்டு நேரே போலீஸ் நிலையத்துக்குப் போனார். அங்கிருந்த பெண் அதிகாரி முதலில் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கொல்லையில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை மட்டும் திறந்து பாருங்கள் அம்மா, இல்லையென்றால் என்னையே பிடித்து உள்ளே போடுங்கள் என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டதும் அந்த அம்மாள் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அன்று மாலையே திறந்தார்கள். அவள் அங்கேதான் இருந்தாள். ஊருக்குப் போகத் தயாராகக் காலில் செருப்பு மாட்டியிருந்தாளாம்.

கணவரைக் கைது செய்தார்கள். சாமியார் அவளுக்காகத் தம்மால் ஆன பிரார்த்தனையெல்லாம் செய்தார். இனி அவளுக்கு அமைதி கிடைத்துவிடும் என்று நம்பினார். யாராயிருந்தாலும் அப்படித்தான் நம்பியிருப்பார்கள்.

மறுநாள் மதியம் அழைப்பு வந்தது.

நெடுநேரம் வெறும் மூச்சு. பிறகு, மெதுவாக:

"நீங்களும் அவங்க ஆளா, அண்ணா?"

அவர் உடைந்துபோய் அழுதார். எனக்குத் தெரியாதும்மா என்றார். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் எவ்வளவு மலிவானது என்று அவருக்கே உறைத்தது. தெரியாமல் செய்தாலும் பட்டனை அழுத்தச் சொன்னது அவர் வாய்தான். அதையும் சொன்னார். அவளிடம் சொல்ல வேறொன்றும் அவரிடம் இல்லை.

டொக். டொக். இணைப்பு அறுந்தது. பஞ்சிலிருந்து தண்ணீர் வழிந்து கழுத்தோரமாகச் சட்டைக்குள் இறங்கியது.

அடுத்து கூப்பிட்டவள் யாரோ ஒரு பெண். அவளும் தாழ்ந்த குரலில்தான் பேசினாள். குக்கி அழிய மாட்டேன் என்கிறது என்றாள்.

சாமியார் பட்டனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அம்மா, இந்த சாஃப்ட்வேரை வாங்கினது யாரு?" என்று கேட்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். நம்பிக்கையான வேறு யாருடைய கணினியிலாவது பார்த்துக்கொள்ளச் சொன்னார். அந்தப் பெண், நீங்க நல்லா இருக்கணும் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

ஹெட்செட்டைக் கழற்றிப் பார்த்தார். பஞ்சு உலர்ந்திருந்தது.

அதன் பிறகு கூப்பிட்ட ஒருவரிடமும் அவர் மறைக்கவில்லை. பஞ்சு நனையவும் இல்லை. ஆனால் உரையாடல்கள் பதிவாகின்றன என்பதை அவர் மறக்கவும் இல்லை. சீக்கிரமே மேற்பார்வையாளர் வந்து மேசையருகே நின்றார். குரலை உயர்த்தாமல், இன்றோடு போதும் என்றார்.

சாமியார் வாதாடவில்லை. சாப்பாட்டு டப்பாவையும் சின்ன சாமி படத்தையும் பையில் எடுத்து வைத்தார். அந்நேரம் பார்த்து அழைப்பு வந்தது. அது மதிய வேளை. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

"நானே பார்க்கறேன்," என்று மேற்பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, மனப்பாடமாக இருந்ததை உற்சாகமாக ஒப்பித்தார். கவலையே வேண்டாம், பட்டனை ஒரு முறை அழுத்துங்கள், ஒன்றும் மிச்சமிருக்காது.

பேச்சு பாதியில் நின்றது.

அவர் எதையோ உற்றுக் கேட்டார். மெல்லக் கையைக் காதுக்குக் கொண்டுபோனார். எடுத்துப் பார்த்த உள்ளங்கை நனைந்திருந்தது. முழங்கை வழியாக ஒரு சொட்டு இறங்கித் தரையில் விழுந்தது.

டொக்.

"சாமியாரே." அவர் குரல் மாறியிருந்தது. "கஸ்டமர் வெச்சுட்டாங்க. ஆனா லைன்ல இன்னும் யாரோ இருக்காங்க. பொண்ணு குரல். அண்ணா, அண்ணான்னு... யாரைக் கூப்பிடறா?"

சாமியார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். அடைத்து வைத்த குழாயின் சிமெண்டைச் சுற்றி, சுவரில் ஈரம் வட்டமாகப் பரவிக்கொண்டிருந்தது.

"உங்களைத்தான், தம்பி," என்றார்.