மூன்றால் வகுபடும்!

"ஐயோ... அய்யா!"

மாடியிலிருந்து வேலைக்காரியின் அலறல்!

பேராசிரியர் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தார். பின்மண்டையில் ரத்தம் உறைந்து கறுத்திருந்தது. பக்கத்தில் பித்தளைப் பேப்பர் வெயிட். படித்தபடி அங்கேயே தூங்கிவிடுவது அவர் வழக்கம் என்பதால் காலைவரை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. மனசு மரத்துப் போயிருந்தது.

ஒரு மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் அவள் எதிரே உட்கார்ந்தார்.

"என்ன காணாமப் போயிருக்கு மேடம்?"

"ஒரு சீட்டு."

"சீட்டுக்காகவா கொலை!"

"அதுல ஒரு பகா எண் இருந்துச்சு சார். ஒண்ணையும் தன்னையும் தவிர எதாலயும் வகுபடாது. அஞ்சு கோடி இலக்கம்... அவ்வளவு பெரிசா இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிச்சதில்ல."

"அஞ்சு கோடி இலக்கம் ஒரு சீட்டுலயா?"

"ரெண்டைப் பல கோடி தடவை பெருக்கி, அதை ஒரு சின்ன எண்ணால பெருக்கி, ஒண்ணைக் கழிக்கணும். எழுத ஒரே வரி போதும். ஆனா பகா எண்தானான்னு சரிபார்க்க மிஷினுக்கு நாப்பது நாளாச்சு. எண்ணை அவர் உதவியாளருக்குக்கூடக் காட்டல."

"கண்டுபிடிச்சது பேராசிரியரா?"

"நான். ஆனா அனுப்பறதுக்கு எழுதி வச்ச கட்டுரையில அவர் பேரும் உதவியாளர் பேரும்தான். எனக்குக் கடைசியில 'நன்றி'ன்னு ஒரு வரி."

இருபது வருஷம் அடுப்படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டதற்கு ஒரு வரி! வலித்திருக்க வேண்டும். வலிக்கக்கூட இல்லை.

இன்ஸ்பெக்டரின் செல்போன் அலறியது. கேட்டவர் முகம் மலர்ந்தது.

"சிக்கிட்டான்! உங்க உதவியாளர்... அவன்தான்! காலைல தன் பேர்ல மட்டும் ஒரு எண்ணைப் பத்திரிகைக்கு அனுப்பியிருக்கான். நேத்து சாயங்காலம் இங்க வந்து சீட்டை எடுத்ததையும் ஒத்துக்கிட்டான். ஆனா பேராசிரியர் அப்பவே செத்துக் கிடந்தார்னு ஒரே அழுகை!"

"அந்த எண்ணை வச்சு அவன் நாக்கு வழிக்கக்கூட முடியாது."

"ஏன் மேடம்?"

"அது பகா எண்ணே இல்ல. மூணால வகுபடும். அரை நிமிஷம் வகுத்துப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்... திருடனுக்கு ஏது பொறுமை?"

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது.

"அவன் என்ன எண் அனுப்பினான்னு எனக்கே தெரியாதே! உங்களுக்கு எப்படி...?"

அவள் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"நாப்பது நாள் சரிபார்த்த எண்ணு... சீட்டுல மட்டும் எப்படி மேடம் தப்பாச்சு?"

"ஒரு இலக்கத்த மாத்தி நான்தான் வச்சேன். அவர் கதையை முடிச்சப்புறம்..." அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "அவன் வருவான், எடுப்பான்னு தெரியும்."

"பழியைப் போடணும்னா நிஜ எண்ணையே வச்சிருக்கலாமே! எனக்குச் சந்தேகமே வந்திருக்காது!"

"கொலைப்பழியை அவன் தலைல கட்டலாம். என் எண்ணை எப்படி சார் விட்டுக்கொடுக்கிறது?"

கைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"சரியான எண் இதுதான். இதுக்கு என் பேரை வைப்பாங்களா?"

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"எண்ணுக்கு உங்க பேரை வைப்பாங்களான்னு தெரியாது மேடம்... ஆனா உங்களுக்கு ஒரு எண்ணு நிச்சயம். ஜெயில்ல!"