பூட்டிய அறையில் முடிச்சு கவுன்

காலை 8.05. பூட்டைத் திறந்த பட்டறை முதலாளி மேடம் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். உள்ளே உடை மாட்டும் பொம்மை மொட்டையாக நின்றது. அதன் மேலிருந்த வெள்ளைக் கவுனைக் காணோம்.

சாதாரணக் கவுன் இல்லை. துணியே சேர்க்காமல், பருத்திக் கயிற்றில் முடிச்சு முடிச்சாகப் போட்டுத் தோளிலிருந்து தரைவரை இறக்கியது. நாலாயிரத்துச் சொச்சம் முடிச்சு. மாலை ஆறு மணி ஆடைக் காட்சியில் கடைசியாக மேடையேற வேண்டியது அதுதான். கட்டியவளைப் பட்டறையில் எல்லோரும் முடிச்சக்கா என்பார்கள். பதினெட்டு வருஷ வேலையில் முதல் தடவையாக இன்று அவள் பெயரை மேடையில் சொல்லப்போகிறார்கள். நேற்று மாலை கடைசி முடிச்சைப் போட்டதும், விரல் அறுக்காமலிருக்கச் சுற்றியிருந்த பிளாஸ்திரியை உரித்துக் கூடையில் எறிந்துவிட்டு, எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தாள்.

மேடத்தின் குரல் கேட்டு வாசல் காவலிலிருந்த ஏட்டம்மா ஓடி வந்தாள். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவள். நேற்று ஏழு மணிக்கு அறையைப் பூட்டியது அவள்தான். சாவி இரவெல்லாம் அவள் இடுப்பிலேயே இருந்தது. காலையில்தான் மேடத்திடம் கொடுத்தாள்.

"பூட்டினதும் நீங்க, சாவியும் உங்ககிட்ட. அப்போ திருடன் சுவத்துக்குள்ளேருந்தா வந்தான்?" என்றான் மேடத்தின் தம்பி.

ஏட்டம்மாவுக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷம் கேள்வி கேட்டே பழகியவள். கேட்கப்படுகிற பக்கம் இவ்வளவு குளிரும் என்று இன்றுதான் தெரிந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஏதோ ஒன்று காது விடைத்து எழுந்து உட்கார்ந்தது. அதை ஏட்டம்மா ரகசியமாக ரசித்தாள்.

8.20. அறையைப் பார்த்தாள். பூட்டு உடையவில்லை. சந்துப் பக்கத்து ஜன்னல் காற்றுக்காக எப்போதும் திறந்தே கிடக்கும். கம்பிகளுக்கு நடுவே உள்ளங்கை அகலம்தான். சக்கரம் வைத்த பொம்மை நேற்று நடுவில் நின்றது. இன்று ஜன்னலை ஒட்டி, அதற்கு முதுகைக் காட்டி நின்றது. தரையில் ஒரு கயிற்றுத் துணுக்குகூட இல்லை.

8.45. விசாரணை, தேநீர் அறையில். முதலில் தம்பி.

"கவுன் இல்லேன்னா கடைசியா எது மேடையேறும்?"

"என்னோட ஜிகினா கோட்டு."

"அப்போ உனக்கு லாபம்."

"நீங்க வேற. அதுக்கு இன்னும் ஒரு கையே வைக்கலை. அக்காவுக்குத் தெரிஞ்சா என் கையை எடுத்து வெச்சுத் தைப்பா."

அடுத்து இஸ்திரிக்காரர்.

"நேத்து பட்ட பாட்டுக்கப்புறம் நான் அதுகிட்டயே போகலைம்மா. முதுகுல ஒரு முடிச்சு இருக்கு பாத்தீங்களா? போட்டவங்களுக்கே வெளிச்சம். நேத்து போட்டோவுக்காகக் கழட்டச் சொன்னாங்க. கால் மணி நேரம் மல்லுக்கட்டிட்டு கத்தரிக்கோலை எடுத்தேன். முடிச்சக்கா பாத்த பார்வையில எனக்குக் காய்ச்சலே வந்துடுச்சு."

கடைசியில் முடிச்சக்கா. பிளாஸ்திரி சுற்றிய விரல்களால் தேநீர் டம்ளரைப் பிடித்திருந்தாள்.

"எத்தனை மணிக்கு வந்தே?"

"எட்டுக்கு."

"யார் மேலயாவது சந்தேகம்?"

"இல்ல. நான் போகலாமா?"

"எங்கே?"

"வேலை கெடக்கு."

"கவுனே காணோம். அப்புறம் என்ன வேலை?"

முடிச்சக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். பறிகொடுத்தவர்களை ஏட்டம்மா நிறையப் பார்த்திருக்கிறாள். அழுவார்கள், சபிப்பார்கள், வாசலையே பார்ப்பார்கள். கடிகாரத்தைப் பார்ப்பவர்கள் வேறு ஜாதி. அவர்களுக்கு எங்கேயோ அடுப்பில் பால் இருக்கும்.

9.30. எல்லோரையும் கூப்பிட்டாள்.

"பூட்டை யாரும் திறக்கலை. வெளியே போனது கவுன் மட்டும்தான், அதுவும் கம்பி வழியா. துணியா இருந்தா திணறும். இது முழுக்க ஓட்டை; சுருட்டினா வலை மாதிரி கைக்குள்ள அடங்கும். சந்துல நின்னு கயிறு வீசிப் பொம்மையை இழுத்திருக்காங்க. முதுகு முடிச்சை வெட்டலை, அவிழ்த்திருக்காங்க. அது ஒருத்தருக்குத்தான் முடியும்." ஏட்டம்மா திரும்பினாள். "நேத்து பிளாஸ்திரியை உரிச்சு எறிஞ்சியே. இன்னிக்கு வேலையே இல்லாத நாள். விரல்ல எதுக்குப் புதுசா சுத்தியிருக்கே?"

எத்தனையோ வருஷமாக அந்த விரல்களை அப்படியே பார்த்துப் பழகியதால், யார் கண்ணிலும் அது படவில்லை.

முடிச்சக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். "ஒம்பது மணிக்குள்ள திருப்பி மாட்டிடலாம்னு நெனச்சேன். மேடம் இன்னிக்கின்னு பாத்து சீக்கிரம் வந்துட்டாங்க."

"நீ மூணு தடவை பிரிச்சுக் கட்டினதாலதானே பூட்டியே வெச்சேன்" என்றாள் மேடம், பல்லைக் கடித்துக்கொண்டு.

சந்தில் கயிறு வைக்கும் அறை. அதன் சாவி முடிச்சக்காவிடம்தான் இருக்கும். உள்ளே ஒரு கழியில் கவுன் தொங்கியது. அடி வரிசைகள் பிரிந்து, பின்னலை அவிழ்த்த கூந்தலாக நெளிந்து கிடந்தன. முடிச்சக்கா போனில் நேற்றெடுத்த படத்தைக் காட்டினாள்.

"எல்லா முடிச்சும் இடது கயிறுல ஆரம்பிச்சது. புடைப்பு இடது பக்கமா விழும். கீழேருந்து எட்டாவது வரிசையில ஒண்ணே ஒண்ணு வலதுல ஆரம்பிச்சுட்டேன். விடிகாலையில படத்தைப் பாக்குறப்போதான் தெரிஞ்சுது."

மேடம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சாய்த்துப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியலை. யாருக்கும் தெரியாது."

"என் பேரைச் சொல்றப்போ எனக்குத் தெரியுமே, மேடம்."

தான் முதன்முதலில் எழுதிய விசாரணை அறிக்கையில், யாரும் படிக்காத ஒரு வரியை மூன்று முறை அடித்து எழுதியது ஏட்டம்மாவுக்கு ஞாபகம் வந்தது.

"எத்தனை மிச்சம்?" என்றாள் மேடம்.

"நானூறு. கொஞ்சம் பிரிச்சா போதும்னு நெனச்சேன், எட்டு வரிசையும் பிரிக்க வேண்டியதாயிடுச்சு. ஒத்தையா கட்டினா ராத்திரி ஆயிடும்."

மேடம் பட்டுச் சட்டையின் கையைச் சுருட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "எந்தக் கயிறுல ஆரம்பிக்கணும்னு எனக்கு இப்பவே சொல்லிடு."

இரவு 7.30. கவுன் மேடையேறியது. விளக்கொளி ஓட்டைகளுக்குள் புகுந்து அரங்கச் சுவரெல்லாம் பூவாய்ச் சிதறியது. ஒலிபெருக்கியில் முடிச்சக்காவின் முழுப்பெயர் கேட்டது. அவள் திரைக்குப் பின்னால் நின்றிருந்தாள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோலத் திரும்பிப் பார்த்தாள்.

"நட" என்று ஏட்டம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள், பழைய பிடி மாறாமல். அப்படியே வெளிச்சத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அரங்கம் முழுக்க எழுந்து நின்றது. தான் பிடித்துக்கொண்டு போன ஒரு திருடிக்கு ஜனங்கள் இப்படிக் கை தட்டுவது இதுதான் முதல் தடவை என்று நினைத்துக்கொண்டாள் ஏட்டம்மா. பிடியை மட்டும் விடவில்லை.