களத்தில் விட்டு வந்த பேர்

வயல்களின் சொந்தக்காரர் ஆதம்பாவா போடியாரின் உழவு இயந்திரம் வரிப்பத்தான்சேனை வயல்வெளிக்குள் இறங்கியபோது அஸர் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. பின்பெட்டியில் பாய், தலையணை, மண்ணெண்ணெய் விளக்கு, ஒரு கூடை மாம்பழம். அவற்றின் நடுவே அவருடைய மகள் றம்ஸியா தன் பிள்ளைகள் இருவரையும் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஆகஸ்ட் விடுமுறைக் காலம். கல்முனையில் கச்சான் காற்று மணலை அள்ளி வீட்டுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. எழுபத்தெட்டுச் சூறாவளி தென்னைகளைச் சாய்த்த பிறகு ஊரில் நிழல் என்று சொல்ல அதிகம் மிஞ்சவில்லை. சிறுபோக வெட்டு முடிந்து, குவித்த கதிரைச் சூடடித்து நெல் பிரிக்கும் நாட்களில் வயல் வாடிக் குடிசையில் போய்த் தங்கலாம், பிள்ளைகள் வாய்க்காலில் குளிக்கட்டும், சோளன் சுட்டுத் தின்னட்டும் என்று யோசனை சொன்னவன் றம்ஸியாவின் புருஷன் அபுல் ஹஸன்.

போடியாருக்கு அது பிடிக்கவில்லை. பெண்ணும் குழந்தைகளும் களத்தருகே படுத்தெழும்புவது அவருடைய குடும்பத்தில் இல்லாத வழக்கம். ஆனால் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையின் சொல்லைப் பிள்ளைகள் முன்னால் தட்டுவதும் அந்தக் குடும்பத்தில் இல்லாத வழக்கந்தான். வாயை மூடிக்கொண்டு கூட்டி வந்துவிட்டார்.

வாடியில் சாமான்களை இறக்கியதும் மருமகனைப் பார்த்து ஒன்று மட்டும் சொன்னார்.

"களத்துல ஆரையும் பேர் செல்லிக் கூப்பிடப்படாது மருமகன். புள்ளயள மகன், மகள் எண்டு கூப்பிடுங்க. வேலைக்காரனுக்கு 'ஓய்' போதும்."

"பேர் செல்லிக் கூப்பிட்டா என்ன மாமா? நெல்லு கோவிச்சிட்டுப் பொயித்திருமா?"

அபுல் ஹஸன் பள்ளிக்கூட வாத்தியார். வகுப்பில் இப்படிச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். இங்கே கதிர்ச் சூட்டைப் பிரித்துக்கொண்டிருந்த வேலையாட்களில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"நெல்லு போகாது," என்றார் போடியார். "பேர்தான் போகும்."

சூடடிக்கும் இடத்தில் ஒன்று சுற்றித் திரிகிறது, அதற்கென்று சொந்தமாக ஒரு பேர் கிடையாது, அதனால் கேட்கிற பேரைப் பொறுக்கிக்கொள்ளும் என்பது அந்த வயல்களின் பழைய பயம். றம்ஸியா சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறாள். மகனை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். அவனுடைய பேர் காலிதீன். காடு வெட்டி அந்த வயலை உண்டாக்கிய மனிதர், போடியாரின் வாப்பா, அவருடைய பேர். பேரனுக்கு அதை வைக்கும்போது போடியார் ஊரைக் கூப்பிட்டு மாடறுத்துச் சாப்பாடு போட்டார்.

முதல் நாட்கள் நன்றாகவே போயின. மகள் நதீரா தாவணித் துண்டை விரித்து வாய்க்காலில் மீன்குஞ்சு அள்ளினாள். காலிதீன் அம்மணமாகத் தண்ணீரில் குதித்து, வாப்பாவின் கழுத்தில் தொங்கி, மூக்கில் தண்ணீர் ஏறி அழுது, மறுபடியும் குதித்தான். சோளன் சுட்ட கரி வாயெல்லாம். அபுல் ஹஸன் வைக்கோல் தண்டில் ஊதல் செய்து கொடுத்தான். களத்தில் உழவு இயந்திரம் சூட்டின் மேல் சுற்றிச் சுற்றி வந்தது. அடித்த வைக்கோல் வாடியைவிட உயரமாக ஏறிக்கொண்டே போனது.

ஒரு பின்னேரம் பிள்ளைகளோடு ஒளிச்சுப் பிடிச்சு விளையாடினான் அபுல் ஹஸன். நதீராவைப் பிடித்துவிட்டான். மகனைக் காணவில்லை. பெட்டிக்குக் கீழே பார்த்தான், வாடிக்குப் பின்னால் பார்த்தான். விளையாட்டு மெதுவாகக் கோபமாக மாறியது. வேலையாட்கள் தொழுகைக்குக் கைகால் கழுவி வுளூச் செய்யப் போயிருந்தார்கள். இயந்திரம் நின்றிருந்தது. அவன் களத்தின் நடுவே நின்று, பள்ளிக்கூட மைதானத்தில் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டான்.

"காலிதீன்! டேய், காலிதீன்!"

"ஓம் வாப்பா."

வைக்கோல் போருக்குள்ளிருந்து வந்தது பதில். அவன் சிரித்துக்கொண்டே போய் வைக்கோலைக் கிளறினான். கை முழங்கைவரை உள்ளே போனது. உள்ளே ஈரமாக, சூடாக இருந்தது. கறந்த பால் கெட்டுப்போன மணம்.

"வாப்பா, என்ன தேடுறீங்க?"

காலிதீன் அவனுக்குப் பின்னால், மாம்பழக் கொட்டையைச் சப்பியபடி நின்றான். இவ்வளவு நேரமும் உம்மாவின் பக்கத்தில்தான் இருந்தானாம்.

அபுல் ஹஸன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். துடைத்த கையை அன்று அவன் பல தடவை முகர்ந்து பார்த்ததை றம்ஸியா கண்டாள்.

மறுநாள் பகல். வெயில் வயலைப் பொரித்துக்கொண்டிருந்தது. காற்று நின்றுவிட்டது. றம்ஸியா வாடிக்குள் சோறு பரிமாறினாள். காலிதீன் வாசலில் ஊதலோடு இருந்தான். வெளியே களத்திலிருந்து புருஷனின் குரல் கேட்டது.

"காலிதீன், வாங்க மகன். வாப்பாட்ட வாங்க."

பிள்ளை எழுந்து ஓடினான்.

'இந்த மனிசன் மறுபடியும் பேர் சொல்லிக் கூப்பிடுதே' என்று எரிச்சலோடு நிமிர்ந்தாள் றம்ஸியா.

புருஷன் அவளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான்.

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றிருந்தது. அவனும் தன் குரலைக் கேட்டிருந்தான்.

அவர்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது வைக்கோல் போரின் அடியில் இரண்டு சின்னப் பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அவை உள்ளே போய்க்கொண்டிருந்தன.

அபுல் ஹஸன் கால்களைப் பிடித்து இழுத்தான். வேலையாட்கள் அவனைப் பிடித்து இழுத்தார்கள். உள்ளேயிருந்தும் இழுத்தது. யாரும் கத்தவில்லை; மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு போர் சரிந்தது, பிள்ளை வெளியே வந்து விழுந்தான். வாய் நிறையப் பதர். யாரோ பெருவிரலால் அமுக்கி அமுக்கி அடைத்ததுபோல் இறுகியிருந்தது. றம்ஸியா விரலை விட்டுத் தோண்டித் தோண்டி எடுத்தாள். கடைசியில் அவன் அழுதான்.

ஆதம்பாவா போடியார் வைக்கோல் போருக்கு முன்னால் போய் நிமிர்ந்து நின்றார். எவனுக்கும் முன்னால் குனியாத முதுகு அது.

"எங்கட வாப்பாட பேர் அது. உனக்கு அதுதானே வேணும்? எடுத்துக்க. புள்ள எங்களுக்கு."

வைக்கோலுக்குள் எதுவோ அடங்கியது. சரிந்தபடியே கிடந்த போர் மூச்சை விட்டதுபோல் தாழ்ந்தது.

அன்றே வாடியைப் பிரித்தார்கள். போகும் வழியில் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்து மகளுக்கும் மருமகனுக்கும் சட்டம் சொன்னார் போடியார்.

"இனி இவன் அப்துல் ஹமீட். பழைய பேர் ஆருட வாயிலயும் வரப்படாது. இந்தக் கதை கல்முனைக்குள்ள போகவும் படாது. ஆதம்பாவாட பேரனக் களத்துல ஷைத்தான் புடிச்ச எண்டு சந்தையில கதைச்சாங்களெண்டா, நாளைக்கு நதீராவுக்கு ஆர் மாப்புள தருவான்?"

"பள்ளி லெப்பைட்டக் காட்டி ஓதிப் பார்ப்பமா வாப்பா?" என்றாள் றம்ஸியா.

"லெப்பைக்கு வாய் இல்லையா? பொத்திட்டு இரி புள்ள."

அபுல் ஹஸன் மெல்லச் சொன்னான். "பேர் குடுத்தது சரியா மாமா? உங்கட வாப்பாட பேரெல்லா?"

"கூப்பிட்டுக் காட்டிக் குடுத்தவர் நீங்க. உடாம மீட்டவன் நான். நீங்க கதைக்கப்படாது."

கனவில் கண்டதாகச் சொல்லி, ஆடறுத்து, பிள்ளைக்குப் புதுப் பேர் வைத்தார்கள். ஊர் நம்பியது. போடியார் சொன்னால் ஊர் நம்பும். ஹமீட் என்று கூப்பிட்டால் பிள்ளையும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டான். றம்ஸியாவுக்குத்தான் பழகவில்லை. பெற்று, கையில் வாங்கி, காதில் பாங்கு சொல்லி வைத்த பேர் நாக்கின் நுனிவரை வரும். விழுங்கிக்கொள்வாள்.

மழைக்கு முந்திய புழுக்கமான ஒரு பின்னேரம். கிணற்றடியில் பிள்ளைகள் இருவரையும் நிறுத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். நதீரா தம்பியின் மேல் சவர்க்கார நுரையை ஊதினாள். அவன் கீச்சிட்டுச் சிரித்தான்.

"உம்மா."

"என்ன மனே?" என்றாள் றம்ஸியா. தாயின் வாய், கேட்டதும் பதில் சொல்லிவிட்டது.

பிறகுதான் உறைத்தது. ஹமீட் வாயைத் திறக்கவில்லை. குரல் வீட்டுக்குள்ளிருந்து வந்திருந்தது.

"உம்மா, நான் காலிதீன். எனக்கும் ஊத்துங்க."

கையிலிருந்த வாளி கிணற்றுக்கட்டில் இடித்தது. அடுப்படிக் கதவு பாதி திறந்து கிடந்தது. உள்ளே இருட்டாக இருந்தது. கெட்ட பாலின் மணம் வெளியே வந்தது.

"உங்கட பக்கத்துல நிக்கிற அவன் ஆரு?"

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

அது அவளுடைய வாப்பா அவளுக்கென்று கட்டிக்கொடுத்த வீடு. அதன் கதவு அவளை வெளியே வைத்து அடைபட்டது அதுதான் முதல் தடவை. நதீரா உம்மாவின் சாரியைப் பிடித்துக்கொண்டாள்.

தெருப் பக்கம் சைக்கிள் மணி கேட்டது. அபுல் ஹஸன் பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டான். முன்கதவு திறந்தது.

"உள்ள போகாதீங்க!" என்று கத்த நினைத்தாள். அதற்குள் அவன் உள்ளே போய்விட்டான்.

வீட்டுக்குள் அவன் சிரித்தான். பழைய சிரிப்பு, வாய்க்காலில் பிள்ளையைக் கழுத்தில் தொங்கவிட்டுச் சிரித்த அதே சிரிப்பு.

"ஆ, காலிதீன்! வாப்பாவப் பாத்துக்கிட்டா இரிந்தீங்க? வாங்க மகன், வாங்க."

பிறகு சத்தமில்லை.

றம்ஸியா ஈரப் பிள்ளைகளை இரண்டு கையிலும் இழுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடினாள். முன்கதவு அகலத் திறந்து கிடந்தது. விறாந்தையில் புருஷன் நின்றிருந்தான். இடது கை மடங்கியிருந்தது. வலது கை காற்றில் எதையோ மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. கைக்குள் ஒன்றும் இல்லை. முகம் அத்தனை சந்தோஷமாக இருந்தது. அவனுடைய வெள்ளைச் சட்டையின் தோள் மட்டும், சின்னக் கையொன்று பிடித்ததுபோல், ஒரு பிடியாகச் சுருங்கியிருந்தது.

"வாப்பா," என்றான் ஹமீட்.

அபுல் ஹஸன் குனிந்து அவனைப் பார்த்தான். தெருவில் போகிற யாரோ ஒரு பிள்ளையைப் பார்ப்பதுபோல், இரக்கத்தோடு பார்த்தான்.

"றம்ஸியா, இது ஆருட புள்ள? நனைஞ்சு நிக்கான். அவங்கட ஊட்டுல கொண்டு பொயித்து உட்டுட்டு வா."

"உங்கட மகன்!" என்று அலறினாள் அவள். "உங்கட மகன் இது!"

"மெதுவாக் கதை," என்றான் அவன். "மகன் உறங்குறான்."

தோளில் சட்டைத் துணி இன்னும் கொஞ்சம் இறுகிச் சுருங்கியது.