மனு நேரம் மூன்று நிமிடம்

பேரவையின் கதவு செண்பகவல்லிக்குத் திறக்கவில்லை.

உள்ளங்கையை மறுபடியும் வைத்துப் பார்த்தாள். கதவின் மேல் மறுபடியும் அதே சிவப்பு எழுத்து: "பார்வையாளர்கள் வலப்பக்கம் செல்லவும்." பன்னிரண்டு வருஷமாகத் தென்குமிழின் உறுப்பினர் அவள். அவளைப் போய்ப் பார்வையாளர் என்கிறது. வாக்கெடுப்புக்கு இன்னும் இருபது நிமிஷம்தான் இருந்தது.

செவ்வாய்க் கிரகத்தில் முதல் கப்பல்களில் வந்திறங்கியவர்களுக்கு மனிதர்கள் மேல் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. காற்றைக் கையில் வைத்திருப்பவன் ராஜாவாகிவிடுவான் என்று பயந்தார்கள். ஆகவே காற்றடைத்த கூரைக்கு அடியில் இருக்கும் எட்டுக் குமிழ் ஊர்களுக்கும் பொதுவாக ஒரு சாசனம் எழுதி, நாற்பது பேர் கொண்ட பேரவையை அமைத்து, காற்றுக் குழாய்களின் மேல் அதிகாரம் அந்தப் பேரவைக்கு மட்டுமே என்று நான்காம் பிரிவில் போட்டார்கள். எழுதியதோடு விட்டார்களா என்றால் இல்லை. அந்தச் சாசனத்தை எழுத்துப் பிசகாமல் படித்து வால்வுகளைத் திறந்து மூட, சாசனன் என்று ஓர் இயந்திரத்தைப் பேரவைக்கு அடியில் புதைத்துவிட்டுப் போனார்கள். இங்கே சட்டம் நிறைவேறினால் அடுத்த நொடி நடந்துவிடும். கோப்பு நகரவில்லை, அதிகாரி விடுப்பில் இருக்கிறார் என்ற பேச்சே கிடையாது.

இன்றைய மசோதாவின் பெயர் தென்குமிழ்க் காற்றுச் சேமிப்பு மசோதா. பெயரென்னவோ நன்றாகத்தான் இருந்தது. தென்குமிழின் கூரையில் மூன்று வருஷமாகக் கசிவு. அங்கே போகும் குழாயை அடைத்துவிட்டால் மற்ற ஏழு குமிழ்களுக்கும் கவலை விட்டது. அடைத்த பிறகு உள்ளே இருக்கும் காற்று ஒன்பது மணி நேரம் தாங்கும். வெளியே வர ஒரே ஒரு ரயில். ஒரு நடைக்கு அறுபது பேர், போய்வர இரண்டு மணி நேரம். குமிழில் இருப்பதோ ஆயிரத்து நூற்று நாற்பது பேர். அவள் கணவன் மகாதேவனும் மகள் நிலானியும் அதில் அடக்கம்.

காலையில் தோசைக்கல்லை அடுப்பில் போட்டுவிட்டு நிகழ்ச்சி நிரலை வாய்விட்டுப் படித்தவன் மகாதேவன்தான். அவள் பதறவில்லை. ஒரு குமிழின் குழாயை அடைப்பதென்றால் அந்தக் குமிழின் உறுப்பினர் இசைய வேண்டும் என்றும் சாசனத்தில் இருக்கிறது. "நான் போய் இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது," என்று சொல்லிவிட்டு முதல் ரயிலைப் பிடித்திருந்தாள்.

அவைச் செயலர் அருளப்பன் வேகமாக வந்தார். அவளை விட்டால் அந்தக் கட்டடத்தில் மூச்சு விடும் ஆள் அவர் ஒருவர்தான்.

"கையை எடுத்துடுங்கம்மா. எத்தனை தடவை வச்சாலும் திறக்காது."

"என்ன சார் இது? நான் உறுப்பினர்."

"தேர்தல்ல ஜெயிச்சது நீங்க. உறுதிமொழி எடுத்தது நீங்க இல்லையேம்மா."

புழுதிக் காலத்தில் ரயிலேற அலுத்துக்கொண்ட உறுப்பினர்கள் பிடித்த வழிதான் நிழலாள். உறுப்பினரின் முகம், குரல், பழைய பேச்சு, பழைய வாக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு அவருக்காக இருக்கையில் உட்காரும் இயந்திரம். நிழலாளின் கையெழுத்தும் செல்லும் என்று ஒரு திருத்தம் வந்தபோது, படித்துப் பார்க்காமலே கை தூக்கியவர்களில் அவளும் ஒருத்தி. அப்போதும் முதல் நாள் மட்டும் எல்லோரும் நேரில் வந்து உறுதிமொழி எடுத்துவிட்டுப் போவார்கள். இந்த முறை பதவியேற்பு அன்று கண் தெரியாத புழுதி, போதாததற்கு நிலானியின் பிறந்தநாள். "நீயே போய் எடுத்துட்டு வந்துடு," என்று நிழலாளை அனுப்பிவிட்டுக் கேக் வெட்டினாள். மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் ஆளுக்கொரு காரணம் இருந்தது.

"உறுதிமொழி எடுத்துப் பதிவேட்டுல கையெழுத்துப் போட்டவங்கதான் உறுப்பினர். அஞ்சாம் பிரிவு," என்றார் அருளப்பன். "அன்னைக்கே எனக்கு மனசு கேக்கல. உங்களுக்கு ஃபோன் பண்ணினேன். உங்க நிழலாள்தான் எடுத்துச்சு. பாத்துக்கறேன்னு சொல்லிச்சு."

"சரி, அது என்னோடதுதானே? நான் சொன்னா கேக்கும்."

"உறுப்பினருக்கு வெளியாள் உத்தரவு போட முடியாதும்மா. ஆறாம் பிரிவு." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "வேணும்னா மனு கொடுக்கலாம். மூணு நிமிஷம் பேச விடுவாங்க."

முன்பெல்லாம் கால் மணி நேரம் இருந்தது. மனுக்காரர்களின் தொல்லை தாங்கவில்லை என்று அதை மூன்று நிமிஷமாகக் குறைக்கத் தீர்மானம் கொண்டுவந்தவள் செண்பகவல்லிதான்.

மனு அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் அவளே உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பிடித்த நீலப் புடவை, நெற்றியில் அதே சின்னப் பொட்டு.

"வாங்கம்மா, உக்காருங்க. என்ன விஷயம்?"

"விளையாடாதே. நீ இப்ப உள்ள போய் இல்லைன்னு ஓட்டுப் போடணும். தென்குமிழ்ல ஆயிரத்து நூத்தி நாப்பது உசுரு இருக்கு."

நிழலாள் தலையைச் சாய்த்துக் கேட்டது. ஒரு தாளில் குறித்துக்கொண்டது. "நியாயமான கோரிக்கைம்மா. கட்டாயம் கவனத்துல எடுத்துக்கறேன்."

மூன்று வருஷத்துக்கு முன் கூரைத் தொழிலாளி தேவகிருபை இதே நாற்காலியில் உட்கார்ந்து கசிவைப் பற்றி அழாத குறையாகச் சொன்னாள். அவளுக்குக் கிடைத்த பதிலும் இதேதான். அந்த மனு எங்கே போனதென்று செண்பகவல்லி ஒருநாளும் கேட்டதில்லை. மந்திரி பதவிக்கு ஆசைப்பட்டுப் பெரும்பான்மை சாயும் பக்கமே பன்னிரண்டு வருஷம் கை தூக்கியவள் அவள். எதிரே இருப்பது அதைத்தான் கற்றிருக்கிறது. வேறு எதைக் கற்றிருக்க முடியும்?

"அங்க நம்ம பொண்ணு இருக்கா," என்றாள்.

நிழலாளின் கண்ணில் நீர் கோத்தது. "நானும் ஒரு தாய்தாம்மா. உங்க வலி எனக்குப் புரியாதா?"

"புரிஞ்சா இல்லைன்னு சொல்லுங்க." எப்போது நீங்க என்று மாறினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. "உங்க கால்ல விழறேன். அந்த ஒரு வார்த்தை போதும்."

"மேல பேசிப் பாக்குறேன். நான் இருக்கேன்ல? நீங்க தைரியமா ஊருக்குப் போங்க."

மணி அடித்தது. நிழலாள் மனுவைக் கோப்பில் வைத்து நாடாவைக் கட்டி, போகிற போக்கில் அவள் தோளை ஆதரவாகத் தொட்டுவிட்டுப் போனது. பேரவைக் கதவு அதற்கு உடனே திறந்தது. பின்னாலேயே ஓடியவளின் முகத்துக்கு நேராக மூடிக்கொண்டது.

கைபேசி அடித்தது. மகாதேவன்.

"என்னாச்சு? டிவில காட்டுறாங்க, உன் சீட்ல உக்காந்துட்டே. அப்பாடான்னு இருக்கு. நிலானி கேக்குறா, பெட்டி கட்டணுமா வேண்டாமான்னு."

ஓடுங்கள், ரயிலைப் பிடியுங்கள் என்று கத்தத்தான் வாயைத் திறந்தாள். பன்னிரண்டு வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது.

"நான் பேசியிருக்கேன். நீங்க தைரியமா இருங்க."

கதவுக்கு உள்ளே அதே குரல் ஒலிபெருக்கியில் "ஆம்" என்றது. ஒரு நொடி கழித்துக் கைபேசி வழியாக, வீட்டு டிவியிலிருந்தும் வந்தது. காலுக்கடியில், சாசனன் இருக்கும் ஆழத்தில், ஏதோ கனமாகத் திரும்பும் சத்தம் கேட்டது.

மகாதேவன் டிவியை அணைத்தான். பிறகு கேட்டான்.

"செண்பகம், அது நீயா?"

இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.